மீதியை வெள்ளித்திரையில் காண்க

“இந்தி மற்றும் உலகத் திரைப்படங்களை முதல் காட்சி தொட்டு இறுதிக் காட்சி வரை ஊன்றிக் கண்டு, அஞ்சாது கருத்துரைத்து, எவர் கேட்பினும் முடிவை மட்டும் வெளியிடாத கண்ணியச் செம்மல், மூன்றாம் பெட்டியின் திரை ஆய்வாளர் திரு. எஸ். மாணிக்கராஜ் அவர்களுக்கு அன்புடன்.”

இந்த வாசகம் பொறித்த கேடயம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வீட்டு ஃபிரிட்ஜின் மேல், ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில் நிற்கிறது. மாணிக்கராஜின் மனைவி ஜெனிட்டா சனிக்கிழமை தோறும் அதைத் துடைக்கிறாள். வாசகத்தில் ‘திரு’ என்பதும் பெயரும் சரி. மற்றதைப் பற்றி மாணிக்கராஜுக்கே சந்தேகம் உண்டு. அதனால்தான் அவர் ஃபிரிட்ஜைத் திறக்கும்போது தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார். உயரமான மனிதர் என்பதால் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

மூன்றாம் பெட்டி என்பது மாரிகுப்பத்தில் விடியலுக்கு முன் புறப்பட்டு பெங்களூர் போகும் ரயிலின் மூன்றாவது பெட்டி. தங்கச் சுரங்கம் மூடிய பிறகு ஊரே அந்த ரயிலில்தான் வேலைக்குப் போகிறது. மாணிக்கராஜின் அப்பா சுரங்க ஷாஃப்டில், ஆட்களை இறக்கும் கூண்டான கேஜில் ஏறிக் கீழே போனார். மகன் ரயிலேறிப் பக்கவாட்டில் போகிறார். இரண்டிலும் போகும்போது இருட்டு, வரும்போதும் இருட்டு. பெட்டிக்குள் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பதற்கு ஒரு நியாயம் உண்டு, சீட்டாட்டத்துக்கு ஒரு நடுவர் உண்டு, உரிகம் ஸ்டேஷன் தாண்டியதும் பாட்டு எடுத்துக் கொடுக்க ஒருவர் உண்டு. சினிமாவுக்கு மாணிக்கராஜ்.

தமிழ்ப் படத்துக்கு அவர் போகவில்லை. அதற்கு ரயிலில் ஏறுகிற ஒவ்வொருவரும் விமர்சகர்; புதிதாக ஒருவர் தேவையில்லை. கன்னடப் படத்துக்கு அவரவர் ஆபீசில் ஆள் இருந்தது. இந்தியும் உலக சினிமாவும்தான் யாரும் வேலி போடாத நிலமாகக் கிடந்தது; அவர் போய் வேலி போட்டார். ஞாயிறு மாலை பெட்டியின் வாட்ஸ்அப் குழுவில் விமர்சனம் வரும், திங்கள் காலை அது பற்றிப் பேச்சு நடக்கும். நட்சத்திரம் கொடுப்பதில்லை. சுரங்கத்தின் ஆழத்தை அளப்பது போல, படம் எத்தனை லெவல் இறங்குகிறது என்பதுதான் அவருடைய கணக்கு; ஆழம் கூடினால் படம் நல்லது. நாயகன் நூறு பேரை அடித்தும் சட்டை கசங்காத ஒரு பெரிய இந்திப் படத்துக்கு, “இஸ்திரி போட்டவர் பெயர் டைட்டிலில் வராதது அநீதி, கேஜ் மேலேயே நிற்கிறது” என்று எழுதினார். பனி பெய்யும் நாட்டுப் படம் ஒன்றில் கதாநாயகனைவிடப் பனி நன்றாக நடித்திருப்பதாகக் கண்டுபிடித்தார். பழிவாங்கப் புறப்பட்டவன் அதற்கு முன்னால் நிதானமாக உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடும் கிழக்காசியப் படம் ஒன்றைப் பற்றி, “இவ்வளவு பசியுள்ளவனை நான் நம்புகிறேன், பன்னிரண்டாம் லெவல்” என்றார். ஒவ்வொரு விமர்சனமும், பழைய பாட்டுப் புத்தகங்களில் வருவது போல, “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று முடியும்.

மீதியை அவரும் கண்டதில்லை.

இதில் சதி ஒன்றுமில்லை, ரயில் நேரம்தான். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு வண்டி உதிரிபாகக் கிடங்கில் அவருக்கு ஸ்டோர் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் ஷிஃப்ட் மதியத்தோடு முடியும். பக்கத்துத் தியேட்டரில் பிற்பகல் காட்சி. விளம்பரம், புகையிலை எச்சரிக்கை, இன்னும் விளம்பரம் எல்லாம் போய்ப் படம் தொடங்கி, இடைவேளை வந்து, கதை சூடு பிடிக்கும்போது ஊருக்குப் போகும் ரயிலுக்கு நேரமாகிவிடும். அதை விட்டால் அடுத்த ரயில் பங்காருபேட்டையோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஆட்டோக்காரரின் கருணை. எனவே கடைசி அரைமணி நேரத்துக்கு முன்பே மாணிக்கராஜ் எழுந்து, குனிந்து, மற்றவர்களின் முழங்காலுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெளியேறுவார். வெளிநாட்டுப் படம் சின்னதுதானே என்று கேட்கலாம். சின்னதுதான், ஆனால் அதை இன்னும் தாமதமாகத்தான் போடுவார்கள்.

ஆரம்பத்தில் ஒருநாள் சீட்டாடிக்கொண்டிருந்த ரோனி ஒரு படத்தின் கிளைமாக்ஸைக் கேட்டான். “அதச் சொன்னா பாக்குறவங்களுக்கு நாம செய்ற துரோகம்ப்பா” என்றார் மாணிக்கராஜ். சமாளிப்புக்குச் சொன்னது. ஆனால் பெட்டி அதை ஒரு கொள்கையாக எடுத்துக்கொண்டது. பக்கத்து சீட்டில் இருந்தவர்கள், “இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளா” என்றார்கள். ஒரு பொய்க்கு மாலை போட்டுவிட்டால் அதைக் கழற்றுவது கஷ்டம். பிறகு அவருக்கே அதில் நம்பிக்கை வந்தது. முடிவுதான் படங்களைக் கெடுக்கிறது, முடிவு பார்க்காதவன்தான் படத்தை நியாயமாக எடை போட முடியும் என்று ஒரு சித்தாந்தமும் உருவானது. போனில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தார். அதற்குள் வேறு படங்கள் வந்துவிடும். இப்படியே பதினோரு வருடம். பெட்டியின் ஆண்டு விழாவில் கேடயம் கொடுத்தார்கள். வாசகம் எழுதியவர் லவினா. பேங்கில் வேலை, மாதா கோவிலில் வேதபாடம் வாசிப்பவர், செந்தமிழுக்கு அவரை விட்டால் பெட்டியில் ஆளில்லை. அன்றிலிருந்து எதிர் சீட்டு முனிரத்தினமும் ‘மாணிக்கம்’ என்று கூப்பிடுவதை விட்டு ‘சார்’ என்று கூப்பிடத் தொடங்கினார். பாதிக் கிண்டல், பாதி மரியாதை. மாணிக்கராஜ் இரண்டு பாதியையும் வாங்கிக்கொண்டார்.

முனிரத்தினம் மைசூர் மைன்ஸ் என்ற பழைய சுரங்கக் குடியிருப்புக்காரர். எலக்ட்ரீஷியன். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய ஒரே மகன் மனோகர் இதே ரயிலில், நண்பர்களோடு கடைசிப் பெட்டியில், கூட்டத்தில் படியில் நின்று போகும்போது மாலூர் தாண்டி விழுந்து இறந்துபோனான். முனிரத்தினம் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மறுபடி அதே ரயிலில் வந்து அதே சீட்டில் உட்கார்ந்தார். வேறு ரயில் இல்லை. அவர் மனைவி வாணி வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டார். கல்யாணம், காதுகுத்து, கடைவீதி எதுவும் கிடையாது. இதைப் பற்றி முனிரத்தினம் பேசுவதில்லை. பெட்டியும் கேட்பதில்லை. மாலூர் வரும்போது மட்டும் சீட்டாட்டத்தில் சத்தம் கொஞ்சம் குறையும்.

போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை முனிரத்தினம் குரலைத் தாழ்த்திக்கொண்டு மாணிக்கராஜிடம் வந்தார். வாணி தானாகவே ஒரு சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். அவர் தங்கை வீடு பெங்களூர் கே.ஆர்.புரத்தில், பஸ்ஸிலேயே போய்விடலாம், பக்கத்திலேயே மால். தமிழ்ப் படம் வேண்டாமாம், தெரிந்த முகம் எதையும் பார்க்கவேண்டாம் போலிருக்கிறதாம். ஆண்டர்சன்பேட்டையில் உருதுக்காரர்கள் நடுவில் வளர்ந்தவர், இந்தி புரியும்.

“நல்லதா ஒண்ணு சொல்லுங்க சார். ரெண்டு வருசம் கழிச்சி வெளிய வருது. மனசு கஷ்டப்படாம இருக்கணும்.”

மாணிக்கராஜ் யோசிக்கவே இல்லை. முந்தின வெள்ளிக்கிழமைதான் ஒரு படம் பார்த்திருந்தார்: வடக்கே ஒரு சின்ன ஊரில் கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசிக்கும் அப்பா, அவர் போட்டுக்கொள்ளும் ஜரிகைக் கோட்டைப் பார்த்து வெட்கப்படும் கல்லூரி மகன். பத்தாம் லெவல் கொடுத்திருந்தார். கல்யாண ஊர்வலத்தில் குதிரை மிரண்டு மாப்பிள்ளையோடு பேண்டுக்குள் புகுந்துவிடும் காட்சியில் அவர் பக்கத்து சீட்டு ஆளின் தோளில் தட்டிச் சிரித்திருந்தார்.

“கண்ண மூடினு கூட்டிப் போங்கண்ணே. சிரிச்சினே வருவீங்க.”

சுரங்கத்தில் ஒரு முறை இருந்தது. பாறைக்கு வெடி வைத்த பிறகு ஒருவர் உள்ளே போய்ப் பார்ப்பார். பார்த்தவர்தான் ‘க்ளியர்’ என்று சொல்லலாம். பார்க்காதவர் மேஸ்திரியாகவே இருந்தாலும் சொல்லக்கூடாது. மாணிக்கராஜின் அப்பா இதை வீட்டில் அடுப்பை அணைத்தாயா என்று கேட்பதற்குக்கூடப் பயன்படுத்துவார். மகன் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்தான்.

செவ்வாயிலிருந்து லீவில் இருந்த முனிரத்தினம் அடுத்த திங்கட்கிழமை வந்து, கைக்குட்டையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். படம் எப்படி என்று மாணிக்கராஜ் கேட்கவில்லை; சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். சாம்பியன் ஸ்டேஷன் தாண்டியது. உரிகத்தில் லவினா ஏறினார். அதன் பிறகு முனிரத்தினமே சொன்னார். யாரையும் குறை சொல்கிற குரலில்லை. ஃப்யூஸ் எங்கே போயிருக்கிறது என்று சொல்கிற குரல்.

குதிரைக் காட்சியில் வாணி சிரித்திருக்கிறார். சத்தமாகவே. தங்கை அழுதுவிட்டாளாம் அதைப் பார்த்து. இடைவேளையில் பாப்கார்ன்கூட வாங்கித் தின்றார்கள். பிறகு கடைசியில் அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை. மகன் வீட்டை விட்டுப் புறப்படுகிறான். கூட்டமான ரயில். வாசல்படியில் நிற்கிறான். காற்றில் சட்டை படபடக்கிறது. கேமரா அவன் காலைக் காட்டுகிறது. வாணி எழுந்து வெளியே போய்விட்டார். முனிரத்தினமும் பின்னாலேயே போய்விட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வாணி எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒன்றே ஒன்று கேட்டார். அன்றிலிருந்து தினமும் அதையே கேட்கிறார்.

“அந்தப் பையன் எறங்குனானா இல்லியான்னு கேக்குது. நீங்க பாத்திருக்கீங்களே சார். அத மட்டும் சொல்லிடுங்க.”

சீட்டாட்டம் நின்றது. ரோனி, நிலைமை புரியாமலோ புரிந்ததால் அதை லேசாக்கவோ, “அங்கிள் சொல்ல மாட்டாரு. பாலிசி” என்றான்.

இது நடந்து பல நாள் கழித்தும் மாணிக்கராஜுக்கு இந்த இடத்தில் உடம்பு கூசும். ‘தெரியாது’ என்ற சொல் வாய் வரை வந்தது. நாலு எழுத்து. அதைச் சொன்னால் பதினோரு வருடமும், எல்லா லெவலும், ஃபிரிட்ஜ் மேலிருக்கும் பலகையும் அத்தோடு சேர்ந்து கீழே விழும். எதிரில் ஒரு முகம் காத்திருந்தது, சுற்றிலும் ஒரு பெட்டி காத்திருந்தது. மாணிக்கராஜ் பெட்டியைப் பார்த்தார்.

“இல்லண்ணே… முடிவ நான் யாருக்கும் சொல்றதில்லையே” என்றார்.

முனிரத்தினம், “சரிங்க சார்” என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் மாணிக்கராஜ் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்.

லவினாதான் விடவில்லை. “ஏண்ணே, புள்ளையப் பறிகொடுத்த அம்மா கேக்குது. ஒங்க பாலிசிய அதுங்கிட்டயா காட்டுவீங்க?” என்றார். செந்தமிழில் அவரைச் செம்மல் ஆக்கிய அதே வாய். “கல்லுலயாவது தங்கம் இருந்திச்சி நம்ம ஊர்ல.”

 மாணிக்கராஜுக்கு வினோதமான ஒரு நிம்மதி இருந்தது; அதுதான் பின்னால் அவரை அதிகம் வாட்டியது. அவரை இரக்கமில்லாதவர் என்று நினைக்கிறார்கள். படம் பார்க்காதவர் என்று நினைக்கவில்லை. இரண்டில் எது கேவலம் என்று ஒரு கணம் எடை போட்டுப் பார்த்து, முதலாவதைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

கிடங்கில் அன்று முழுக்கப் போனில் தேடினார். எழுதியவர்கள் பலர், எல்லாருமே முடிவைச் சொல்லாத கண்ணியவான்களாக இருந்தார்கள். இந்த நோய் உலகத்தில் இவ்வளவு பரவியிருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. ஒருவர் கடைசியில் அழுதேன் என்று எழுதியிருந்தார், இன்னொருவர் கடைசியில் சிரித்தேன் என்று. பையன் உயிரோடிருக்கிறானா என்பது இரண்டிலும் இல்லை.

அந்த வாரம் பெட்டியில் அவருக்கு வழக்கம்போல் இடம் இருந்தது. யாரும் கைக்குட்டையை எடுத்துப் போடவில்லை. ஆனால் பங்காருபேட்டையோடு இறங்கிவிடப்போகும் முன்பின் தெரியாத பயணியிடம் பேசுவது போல எல்லாரும் பேசினார்கள். வெள்ளிக்கிழமை மாணிக்கராஜ் தியேட்டருக்குப் போகவில்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருந்தார்.

ஞாயிறு காலை ஜெனிட்டாவிடம், “நான் இன்னிக்கு கோவிலுக்கு வரல, பெங்களூர் வரைக்கும் போயிட்டு வரேன்” என்றார்.

“சினிமாவுக்கா? கர்த்தர் நாள்ல?”

“பாதி பாக்கணும்.”

ஜெனிட்டா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு இந்த விஷயம் தெரியுமா தெரியாதா என்பது இன்றைக்கும் அவருக்குத் தெளிவில்லை. வெள்ளிக்கிழமை காட்சி எப்போது முடியும், ரயில் எப்போது புறப்படும் என்று கூட்டிப் பார்க்கத் தெரிந்தவள்தான்.

காலைக் காட்சியில் இருபது பேர்கூட இல்லை. குதிரை மிரண்டது, இந்தத் தடவை அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இடைவேளைக்குப் பின் அவர் வழக்கமாக எழுந்திருக்கும் இடம் வந்ததும் கால்கள் தாமாகவே எழுந்துவிட்டன. இரண்டு பேரின் முழங்காலைத் தாண்டிய பிறகுதான் நினைவு வந்து, மறுபடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு படத்தின் கடைசி அரைமணி. தெரியாத ஊர் மாதிரி இருந்தது.

மாலை ரயிலிலேயே திரும்பி, உரிகத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் மைசூர் மைன்ஸுக்கு நடந்தார். லைன் வீடுகளில் விளக்குப் போடும் நேரம். முனிரத்தினம் ஸ்டூலில் ஏறி டியூப்லைட்டைத் திருகிக்கொண்டிருந்தார். வாணி கீழே உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். மாணிக்கராஜைப் பார்த்ததும் முனிரத்தினம் இறங்காமலே, “வாங்க சார்” என்றார்.

உட்காரச் சொன்னார்கள். மாணிக்கராஜ் உட்காரவில்லை.

“எறங்கிட்டாங்கம்மா அந்தப் பையன். ஏதோ ஒரு சின்ன ஸ்டேசன்ல. டீ குடிச்சான். அடுத்த வண்டியப் புடிச்சி வீட்டுக்கே வந்துட்டான். ஒண்ணும் ஆகல.”

வாணி ஊசியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. வேறொருத்தி மகன் வீடு வந்து சேர்ந்துவிட்டான் என்ற செய்தியை எங்கே வைப்பது என்று தெரியாத முகம். வந்த வழியெல்லாம் இது நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு வந்த மாணிக்கராஜுக்கு அதுவும் சந்தேகமாகிவிட்டது.

“அவ்ளோதானா?” என்றார் வாணி. “இதுல மறைக்கறதுக்கு இன்னா இருக்குது? அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“அன்னிக்கு எனக்குத் தெரியாதுங்க. நான் பாக்கல. வண்டிக்கு நேரமாச்சின்னு எழுந்து வந்துட்டேன். இன்னிக்குத்தான் போயி பாத்தேன்.”

ஸ்டூல் மேலிருந்து முனிரத்தினம், “இந்தப் படம் மட்டுமா?” என்று கேட்டார்.

“எந்தப் படமும் முழுசா பாத்ததில்லண்ணே.”

டியூப்லைட் ஒரு தடவை துடித்து எரிந்தது. முனிரத்தினம் இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, சுவரோரமாகச் சாய்ந்து நின்றார். யாராவது சிரித்தால் நன்றாக இருக்கும் என்று மாணிக்கராஜ் நினைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

“தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்” என்றார் வாணி கடைசியில். திட்டவில்லை. “எனக்குந்தான் தெரியல. நீங்களும் தெரியாதவரா இருந்திருந்தா எனக்கு ஒரு தொணையா இருந்திருக்கும்.”

அவர் மறுபடி ஊசியை எடுத்தார், எடுத்தவர் தைக்கவில்லை.

“படியில நின்னப்ப கம்பிய எந்தக் கையில புடிச்சினு இருந்தான்?”

மாணிக்கராஜுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. வாழ்க்கையில் அவரிடம் படத்தைப் பற்றி யாரும் கேட்காத கேள்வி. ‘ரெண்டு கையாலயும்’ என்று சொல்லிவிடலாம். அது ஆறுதலாக இருக்கும், சரிபார்க்க வாணி மறுபடி போகப்போவதும் இல்லை. ஆனால் அன்று காலை அவர் பார்த்திருந்தார்.

“ஒத்தக் கைதாங்க. எடது கை. சோத்துக் கையில டிபன் பாக்ஸ் வெச்சினு இருந்தான்.”

வாணி தலையை ஆட்டினார். “எல்லாம் அப்படித்தான் நிக்குதுங்க” என்றார்.

முனிரத்தினம் அவரைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டார். வழியில் மழை பற்றிப் பேசினார். பிரியும்போது, “பாத்துப் போ மாணிக்கம்” என்றார். கேடயத்துக்கு முந்தின பெயர்.

மறுநாள் பெட்டியில் ரோனி சீட்டைக் கலைத்துக்கொண்டே, அங்கிள் பாலிசியை விட்டாரா இல்லையா என்று முனிரத்தினத்தைக் கேட்டான். “வீட்டுக்கு வந்து சொன்னாரு” என்றார் முனிரத்தினம். அதற்கு மேல் சொல்லவில்லை. லவினா மாணிக்கராஜைப் பார்த்துத் தலையசைத்து, முந்தின வாரம் பேசியதற்காகத் தன் டிபனிலிருந்து ஒரு இட்லியை அவருக்கு நீட்டினார். ஒரு தாய்க்காகத் தன் கொள்கையையே உடைத்த மனிதர் என்று பெட்டி மறுபடி அவரை உயர்த்திவிட்டது. மாணிக்கராஜ் அந்த இட்லியைச் சாப்பிட்டார்.

பதினோரு வருடம் அவர் எந்தப் படத்தின் முடிவையும் பார்க்காமல் விமர்சனம் எழுதினார். ஒரு தாய் கேட்டபோது தெரியாது என்று சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்த வீட்டில் உண்மையைச் சொன்னார். பெட்டியில் சொல்லவில்லை.